செயலியின் தலைவாசல்



சிவனொளிபாதமலைக்கு வழி ஒன்றன்று. உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் போயாவில் முடிகின்ற யாத்திரைக் காலத்தில், அட்டன் வழியாக வருவோர் மஸ்கெலியாவைக் கடந்து நல்லதண்ணியில் இறங்கிப் படியேறுகின்றனர். இரத்தினபுரிப் பக்கத்தார் பலாபத்தலவிலிருந்து ஏறுகின்றனர். மலை ஒன்றே, அதன் 2,243 மீற்றர் உயரமும் ஒன்றே. ஆயினும் நல்லதண்ணி வழி குறுகியது, இரத்தினபுரி வழி நெடியது. எவ்விடத்தில் முதலடி வைக்கிறார் என்பதே ஒருவருடைய யாத்திரையின் தன்மையைத் தீர்மானித்துவிடுகிறது.

கையடக்கத் தொலைபேசியில் உள்ள செயலியும் இத்தகையதே. அதனுள் எத்தனையோ திரைகள் இருக்கலாம். அவற்றுள் முதலில் தோன்றும் திரை எது? அதனைத் தீர்மானிப்பவர் யார்? நல்லதண்ணித் தோட்டத்து லயத்தில் வாழும் ஒரு தாய், வங்கியிலுள்ள தம் சேமிப்பை அறியச் செயலி ஒன்றைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் திரை ஆங்கிலத்தில் வருகிறது. அவர் அதனை மூடி வைத்துவிட்டு, மறுநாள் அரைநாட் சம்பளத்தை இழந்து மஸ்கெலியாவுக்குப் பஸ் ஏறுகிறார். அச்செயலியின் உள்ளே தமிழில் எத்துணை நேர்த்தியான பக்கங்கள் இருந்தாலும் அவருக்கு அவற்றால் பயனில்லை. அவர் தலைவாசலோடு திரும்பியவர் அன்றோ!

முதல் திரை தானாக வந்து நிற்பதன்று. ஒருவர் குறித்து வைத்ததனாலேயே வருகிறது. அண்ட்ரொயிட் தொலைபேசிக்கான செயலி ஒவ்வொன்றிலும் ஓர் அறிவிப்புப் பத்திரம் உண்டு. சின்னத்தைத் தொட்டவுடன் திறக்கவேண்டிய திரை எது என்பது அதிலே எழுதப்பட்டிருக்கும். ஐபோனுக்குச் செயலி அமைப்போர் திரைகளை வரைபடமாக வரிசைப்படுத்தும் முறையொன்று உண்டு. அதில் ஒரு சிறிய அம்புக்குறி எத்திரையைச் சுட்டுகிறதோ அதுவே முதல் திரை. அம்பை நகர்த்தினால் வாசலும் நகரும். அவ்வரைபடத்தை விலக்கிவிட்டு, ‘இன்ன நிலையில் இன்ன திரை’ என்று கட்டளையாகவே எழுதி வைப்பதும் உண்டு.

இந்தக் கடைசி முறையை மலையகத்தாருக்கு விளக்குவது எளிது. விடியற்காலையில் பிரட்டுக்களத்திலே நடப்பதை எண்ணிப் பார்க்கலாம். எல்லோரும் வந்து சேருமிடம் ஒன்றுதான். ஆனால் கொழுந்துக்கு இன்னார், கவ்வாத்துக்கு இன்னார் என்று அங்கேயே பிரித்து அனுப்பப்படுகின்றனர். அதுபோலவே செயலி விழித்தெழும் கணத்தில் ஒரு வினா எழுகிறது: இவர் புதியவரா, முன்னரே வந்தவரா? புதியவருக்கு வரவேற்புத் திரை. முன்னரே பதிவு செய்தவருக்கு நேரே அவருடைய கணக்கு. பழகிய ஒருவரை நாள்தோறும் வரவேற்புரை கேட்கவைப்பது, இருபது வருடம் பெயர்ப் பதிவில் உள்ள தொழிலாளியை ஒவ்வொரு காலையும் ‘நீ யார்?’ என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

அந்த வினாவுக்கு விடை எங்கே இருக்கவேண்டும்? சிலர் கொழும்பிலோ கடல் கடந்தோ உள்ள கணினியைக் கேட்டு வந்த பிறகே முதல் திரையைக் காட்டுகின்றனர். மலைச்சரிவுகளுக்கிடையில் தொலைபேசி அலை தேய்ந்து மறையும் இடங்களிலே இதன் விளைவு வெற்றுத் திரைதான். அலை தேடிக் குன்றேறிய மாணவரை 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் மலைநாடு கண்டது. ‘இவர் முன்னரே வந்தவர்’ என்னும் சிறு குறிப்பைத் தொலைபேசிக்குள்ளேயே எழுதி வைத்தால் முதல் திரை அலையை எதிர்பார்த்து நிற்கவேண்டியதில்லை. உறங்கிக் கிடந்த செயலி எழுந்து திரை காட்ட 5 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் அது மிகை என்று கூகுள் நிறுவனமே வரையறுத்திருக்கிறது. ஐபோனோ தொடக்கத்தில் வரம்பு மீறித் தாமதிக்கும் செயலியைத் தானே நிறுத்திவிடும்.

இனி மொழி. செல்லிடமெல்லாம் சிக்கல் இங்கேதான்.

1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாக்கப்பட்ட இந்நாட்டில், 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தொலைபேசி அரசியலமைப்பைப் படிப்பதில்லை. தன் அமைப்பில் குறிக்கப்பட்ட மொழி எதுவென்று மட்டுமே பார்க்கிறது. அண்ட்ரொயிட் செயலியின் சொற்கள் மொழிவாரியாகத் தனித்தனிக் கோப்புறைகளில் வைக்கப்படுகின்றன. மொழி குறிக்கப்படாத பொதுக் கோப்புறையும் ஒன்றுண்டு. தொலைபேசியின் மொழிக்குரிய கோப்புறை இல்லையெனில் பொதுக் கோப்புறையே எடுக்கப்படும். அதில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ்க் கோப்புறை இருந்தாலும் தொலைபேசி ஆங்கிலத்தில் அமைந்திருந்தால் அது திறக்கப்படுவதே இல்லை. கடையிலிருந்து ஆங்கிலத்தில் வந்த தொலைபேசி அப்படியே இருந்துவிடுவதும் உண்டு. அதன் உடையவர் ஆங்கிலத்தைத் தெரிவு செய்தவரல்லர். எதையும் தெரிவு செய்யாதவர். செயலியோ அவருடைய மௌனத்தை விருப்பமென்று எடுத்துக்கொள்கிறது.

ஒவ்வொரு செயலிக்கும் வேறுவேறு மொழி குறிக்கும் வசதி ஐபோனில் 2019இலும் அண்ட்ரொயிட்டில் 2022இலும் வந்தது. நல்ல வசதிதான். ஆனால் அது அமைப்புப் பக்கங்களுக்குள்ளே ஆழத்தில் இருக்கிறது. ஆகவே இந்நாட்டு மக்களுக்கெனச் செய்யப்படும் செயலி, முதன்முறை திறக்கும்போது தானே மொழியைக் கேட்பதுதான் முறை. வங்கியின் ஏ.ரி.எம். இயந்திரம் மொழியைக் கேட்டுவிட்டுத்தானே மற்றதைத் தொடங்குகிறது! ஒருமுறை கேட்டால் போதும். விடையைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். கேட்கும்போது ‘தமிழ்’ என்பதைத் தமிழ் எழுத்திலும் ‘சிங்களம்’ என்பதைச் சிங்கள எழுத்திலும் எழுதவேண்டும். தமிழ் வேண்டுமென்பதை ஆங்கில எழுத்தில் வாசித்துக் கண்டுபிடிக்கச் சொல்வது, திறப்பை அறைக்குள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதாகும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. செயலி எழும்போது கண நேரம் தோன்றும் முகப்புப் படத்தில் எழுத்துகளை வைக்கவேண்டாம் என்பது அப்பிள் நிறுவனத்தின் அறிவுரை. அப்படம் மாறாதது, அதிலுள்ள எழுத்துகள் மொழிக்கேற்ப மாறமாட்டா.

பலாபத்தல வழியாக வருவோரையும் மறக்கலாகாது. சின்னத்தைத் தொடாமல், குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டு நேரே உள்திரை ஒன்றுக்கு வருவோர் உளர். அவர்கள் மொழி கேட்கும் திரையைக் காணாமலே உள்ளே வந்துவிடுவர். எனவே மொழியை ஒரு வாசலில் மட்டும் கேட்டால் போதாது. எல்லா வழிகளும் பிரட்டுக்களத்தைத் தொட்டே செல்லவேண்டும். அங்ஙனம் வந்தவர் பின்செல்லும் பொத்தானை அழுத்தும்போது செயலிக்கு வெளியே தள்ளப்படாமல், அதன் முகப்புக்கு வந்து சேரவும் வழி அமைக்கவேண்டும். பதிவுத் திரையைக் கடந்து கணக்குக்குள் வந்தவரோ, பின்சென்றால் மீண்டும் பதிவுத் திரையிலே போய் விழக்கூடாது. உள்ளே வந்தபின் அத்திரையை அடுக்கிலிருந்து எடுத்துவிடுவது ஒரு வரி வேலை. செய்ய மறப்போர் பலர்.

மொழியை மாற்றும் பொத்தான் எங்கே இருக்கவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். தீபாவளி விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து லயத்துக்கு வந்த பேரன், அப்பாயியின் தொலைபேசியில் ஏதோ பார்ப்பதற்காகச் செயலியை ஆங்கிலத்துக்கு மாற்றுகிறான். அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டு அட்டனில் ரயிலேறிவிடுகிறான். அப்பாயி தமிழுக்குத் திரும்பவேண்டுமாயின் அமைப்புப் பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்பக்கத்தின் பெயரோ இப்போது ஆங்கிலத்தில் இருக்கிறது. முதல் திரையின் மூலையிலே ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்தை, செயலி எம்மொழியில் இருந்தாலும் மாறாத தமிழெழுத்தாக, எழுதி வைத்திருந்தால், பேரன் அடுத்த விடுமுறைக்கு வரும்வரை அவர் காத்திருக்கவேண்டியதில்லை.