கேள்வி கேட்ட பிள்ளையை விரட்டாதீர்கள்

(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.



எனக்கு முன் பேசியவர்கள் ஜனாஸா நிதியைப் பற்றியும், மத்ரஸாவைப் பற்றியும், கல்வி உதவியைப் பற்றியும் சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் பெருமைப்பட வேண்டியவை. நான் பேச வந்தது பெருமைப்படும் விஷயம் அல்ல. நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசுகிற விஷயம். நம் பிள்ளைகளில் சிலருக்கு, அல்லாஹ் உண்மையிலேயே இருக்கிறானா என்ற சந்தேகம் வந்திருக்கிறது. கேட்டால் அடி விழும் என்று பயந்து, கேட்காமலே விலகிப் போகிறார்கள்.

நான் துணிந்து பேசுவதற்குக் காரணம், நானும் அப்படி விலகியவன்தான்.

பத்தாங் பெர்ஜுந்தாய், இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறோமே, அங்கேதான் அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். 1917இல் இந்த நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் உருவான தென்னமரம் எஸ்டேட் பக்கத்தில். எனக்குப் பன்னிரண்டு வயதில் தம்பி காய்ச்சலில் மௌத்தானான். நாற்பது முடிவதற்குள் ஓதல் வகுப்பில் கேட்டுவிட்டேன்: "அல்லாஹ் ரஹ்மான் என்றால் தம்பியை ஏன் எடுத்தான்? அவன் இருக்கிறானா?" பதிலாக வந்தது பிரம்பு. "ஈமான் போய்விடும், வாயை மூடு" என்றார் ஓதிக்கொடுத்தவர். வாயை மூடிக்கொண்டேன். பல வருடம் தொழுகை வரிசையில் நின்றேன், உள்ளே ஒன்றும் இல்லை.

அத்தாவுக்கு விஷயம் தெரிந்தது. திட்டவில்லை. ஷஃபான் பிறை 29 அன்று என்னை பஸ்ஸில் ஏற்றி, கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக்குக் கூட்டிப் போனார். 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிற அதே குன்று. பிறை பார்க்க ஆட்கள் கூடியிருந்தார்கள். அன்று கடல்மேல் ஒரே மேகம். பிறை தெரியவில்லை.

இறங்கும்போது அத்தா சொன்னார்: "பார்க்காமல் பார்த்தேன் என்று எவனும் சொல்லவில்லை, கவனித்தாயா? மேகம் இருந்ததால் பிறையே கிடையாது என்றும் எவனும் சொல்லவில்லை. முப்பதாக்கிக்கொண்டு நாளைக்கும் பார்ப்போம். நீயும் அப்படி இரு."

அது அல்லாஹ் இருப்பதற்கு நிரூபணம் அல்ல, எனக்குத் தெரியும். ஆனால் என் சந்தேகத்தோடு ஒருவர் கூட நின்றார். நான் திரும்பி வந்ததற்கு அதுதான் முதல் படி.

பெரியோர்களே, பிறை விஷயத்தில் நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. 2021 முதல் நம் நாட்டில், பிறை குறைந்தது 3 பாகை உயரமும் சூரியனிலிருந்து 6.4 பாகை விலகலும் இருக்க வேண்டும் என்று அளவே வைத்திருக்கிறோம். பிறைக்கு இவ்வளவு கணக்குக் கேட்கிற நாம், பிறையைப் படைத்தவனைப் பற்றிப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் மட்டும் ஏன் பதறுகிறோம்?

இப்ராஹீம் நபி (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய், எனக்குக் காட்டு என்று ரப்பிடமே கேட்டார்கள். நம்பவில்லையா என்று ரப்பு கேட்டபோது, நம்புகிறேன், உள்ளம் அமைதி பெற வேண்டும் என்றார்கள். பகரா சூராவில் இருக்கிறது. கேட்டதற்குத் தண்டனை வரவில்லை, விளக்கம் வந்தது. மூதாதையர் செய்தார்கள் என்பதற்காக மட்டும் பின்பற்றுகிறவர்களை அதே சூரா கண்டிக்கிறது.

சஹாபாக்களுக்கும் இந்த நிலை வந்தது. வாயால் சொல்லவே அஞ்சுகிற எண்ணங்கள் மனதில் வருகின்றன என்று நபி (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னார்கள். அதுவே தெளிவான ஈமான் என்று நபியவர்கள் ஆறுதல் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. விரட்டவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1058இல் பிறந்தவர்கள். 33 வயதில் பக்தாத் நிஜாமிய்யாவில் பேராசிரியர். கிறிஸ்தவர் பிள்ளை கிறிஸ்தவராகவும், யூதர் பிள்ளை யூதராகவும், நம் பிள்ளை முஸ்லிமாகவும் வளர்கிறதே, அப்படியானால் உண்மையை எப்படி அறிவது என்று கேட்டவர்கள். கண் ஒரு நட்சத்திரத்தைத் தங்கக்காசு அளவுக்குக் காட்டுகிறது, கணக்கோ அது பூமியைவிடப் பெரியது என்கிறது. கண்ணையே நம்ப முடியாதே என்று ஏறக்குறைய இரண்டு மாதம் எதையும் நம்ப முடியாமல் தவித்தார்கள். அதை மறைக்கவில்லை. 'அல்முன்கித்' என்ற நூலில் தாமே எழுதி வைத்தார்கள். அவர்களைத்தான் நாம் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்கிறோம்.

நாம் மனப்பாடம் செய்த ஸிஃபாத் இருபதும் கண்மூடிப் பாடம் அல்ல. ஒவ்வொன்றையும் ஆதாரத்தோடு அறியச் சொல்வதுதான் அந்தக் கல்வி. நாம் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆதாரத்தை விட்டுவிட்டோம்.

"அல்லாஹ்வை யார் படைத்தது?" என்று பிள்ளை கேட்கும். அந்த எண்ணம் வந்தால் அல்லாஹ்விடம் காவல் தேடி நிறுத்திக்கொள்ளும்படி நபியவர்கள் சொல்லியிருக்கிறார்களே என்பீர்கள். உண்மை. முடிவில்லாமல் உழல்கிற மனதுக்கு அது மருந்து. கேட்டவனை அடிக்க அது உத்தரவு அல்ல. நம் உலமாக்கள் அதற்குக் காரணமும் சொன்னார்கள், தஸல்சுல் என்ற பெயரில். தோட்டத்து ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சம்பளம் தர கிராணி துரையைக் கேட்க வேண்டும். துரை கம்பெனியைக் கேட்க வேண்டும். கம்பெனி இன்னொருவரைக் கேட்க வேண்டும். எல்லாருமே இன்னொருவரைக் கேட்க வேண்டியவர்கள் என்றால் சம்பளம் கைக்கு வரவே வராது. கையில் சம்பளம் இருக்கிறது என்றால், எவரையும் கேட்காமல் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். நாம் இருக்கிறோம் அல்லவா? அதுதான் வாதம். பிள்ளை இதையும் மறுத்துப் பேசலாம். பேசட்டும். பேசுகிற பிள்ளை நம்மோடுதான் இருக்கிறது.

ஆனால் எல்லாச் சந்தேகமும் புத்தியிலிருந்து வருவதில்லை. என்னுடையது துக்கத்திலிருந்து வந்தது. தம்பி ஏன் போனான் என்பதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் மௌத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தைக்காகத்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினார்கள். கண்மூடி நம்பிக்கைதான் வேண்டும் என்றால் அவர்கள் சும்மா இருந்திருக்கலாம். எவருடைய மௌத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அந்தத் துக்கத்திலும் திருத்தினார்கள். அழவும் செய்தார்கள். உண்மையும் கண்ணீரும் ஒரே நெஞ்சில் இருந்தன. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு, ஆலிம் ஒருவரும் படித்த இளைஞர் ஒருவரும் உட்காரட்டும். பிள்ளைகள் பெயர் போடாமல் சீட்டில் கேள்வி எழுதட்டும். எந்தக் கேள்வியையும் கிழித்துப் போடக் கூடாது.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை கேட்டால் எடுத்த எடுப்பில் "தௌபா செய்" என்று சொல்லாதீர்கள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "எனக்குத் தெரியவில்லை, வா, சேர்ந்து கேட்போம்" என்று சொல்லுங்கள். தெரியாது என்று சொல்வதால் அத்தாவின் மரியாதை குறையாது.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. மேகமாக இருக்கிறது என்பதற்காகக் குன்றை விட்டு ஓடிவிடாதீர்கள். நாளைக்கும் வாருங்கள். நாங்களும் கூட நிற்போம்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதியைக் கொடு. கேட்கிறவர்களுக்குப் பொறுமையையும், பதில் சொல்கிறவர்களுக்கு இரக்கத்தையும் கொடு. ஆமீன். வஸ்ஸலாம்.