சக்கரமும் மிதியும்



கொல்கத்தாவில் பார்க் சர்க்கஸ் பகுதியை அடுத்து மல்லிக் பஜார் என்றொரு சந்தை உண்டு. ஆயுள் முடிந்த மோட்டார் வண்டிகளைப் பிரித்து, அவற்றின் உறுப்புகளைத் தனித்தனியே விற்கும் இடம் அது. உத்தரபாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் அம்பாசடர் வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. வாடகை வண்டிகளுக்கு 15 ஆண்டு வயது வரம்பு வந்த பின்னர், இந்நகரின் அடையாளமாக விளங்கிய மஞ்சள் டாக்சிகளும் ஆயிரக்கணக்கில் தெருவை விட்டு விலகின. அத்தகைய வண்டிகளின் கதவுகளும் விளக்குகளும் ஸ்டீரிங் சக்கரங்களும் இச்சந்தைக் கடைகளில் தொங்கக் காணலாம். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை பிற்பகலில், கல்லூரியில் பயிலும் நம் மகனுடன் அங்கே சென்று, பழைய அம்பாசடர் சக்கரம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினோம். நம்மிடம் வண்டி எதுவும் இல்லை. "சக்கரம் மட்டும் எதற்கு, பாபு?" என்று கடைக்காரர் கேட்டபோது, விடை சொல்ல நாம் சற்றுத் தயங்கினோம். விளையாட்டுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கணிப்பொறித் திரையில் பந்தயக் கார் ஓட்டும் விளையாட்டை இன்று அறியாத வீடு இல்லை. விசைப்பலகையைத் தட்டியே ஓட்டலாம். ஆனால் விசைக்கு இரண்டே நிலைகள்தாம் உண்டு: அழுத்தினால் முழுத் திருப்பம், விட்டால் ஒன்றுமில்லை. மெல்லத் திருப்புதல், பாதி அழுத்துதல் என்பனவற்றுக்கு அங்கே இடமில்லை. ஆகவே மெய்யான வண்டியில் இருப்பதைப் போன்ற சக்கரமும் மிதிகளும் வேண்டும் என்று இதில் ஈடுபட்டோர் விரும்புகின்றனர். கடையில் நல்லதொன்று வாங்குவதாயின் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். நாம் மறுத்துவிட்டோம். "வாங்கித் தர வேண்டாம், அப்பா. நானே செய்துகொள்கிறேன். பழைய சக்கரம் ஒன்று மட்டும் கிடைத்தால் போதும்" என்றான் மகன். அதற்கும் நமக்கு மனம் வரவில்லை.

காரணம் பணம் மட்டும் அன்று. தென்கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய தமிழர்களில் பலர் கணக்கெழுதவும் தட்டெழுதவும் சுருக்கெழுத்து எழுதவும் வந்தவர்கள். பேனாவே அவர்களுக்குச் சோறு போட்டது. ரம்பமும் திருப்புளியும் பிறருக்கு உரியவை என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் சொல்லாமலே வேரூன்றிவிட்டது. படிக்கிற பிள்ளைக்கு மரவேலை எதற்கு என்று நாமும் கேட்டோம். அந்தக் கேள்வி தவறு என்று நாம் உணர்ந்த கதையைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

ஓரிடத்தில் அமர்ந்தபடியே ஓட்டிப் பழகும் கருவி சிறுபிள்ளை விளையாட்டு அன்று. அமெரிக்காவில் பிங்காம்டன் என்னும் ஊரில் எட்வின் லிங்க் என்பவர் தம் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில் வளர்ந்தவர். ஆர்கன் என்னும் பெரிய காற்றிசைக் கருவியை அங்கே செய்தனர். விமானம் ஓட்டக் கற்பதற்கு ஆகும் செலவு அவரைச் சிந்திக்க வைத்தது. ஆர்கனுக்குரிய துருத்திகளையும் குழாய்களையும் கொண்டே, தரையில் நின்றபடி சாய்ந்தும் நிமிர்ந்தும் திரும்பும் பொய் விமானம் ஒன்றை 1929ஆம் ஆண்டில் அமைத்து முடித்தார். முதலில் அதைக் கண்காட்சிப் பொம்மையாகவே பலர் கருதினர். 1934இல் அமெரிக்கப் படையின் விமானப் பிரிவு ஆறு கருவிகளை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது பல்லாயிரம் விமானிகள் அதில் அமர்ந்தே பயின்றனர். நாம் வாழும் இந்தக் கொல்கத்தாவிலும் துருத்தியை வைத்து அருஞ்செயல் புரிந்தவர் ஒருவர் உண்டு. காலால் மிதித்து வாசித்த ஐரோப்பிய ஆர்மோனியத்தை, தரையில் அமர்ந்து கையால் துருத்தியை அசைத்து வாசிக்கும் பெட்டியாக மாற்றிப் புகழ் பெற்றவர் துவாரகாநாத் கோஷ். கையில் இருக்கும் பொருளை உற்று நோக்கி, அதை வேறொரு வேலைக்குத் திருப்பும் அறிவு இவ்விருவருக்கும் பொது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். சக்கரத்தை ஓர் இரும்புத் தண்டில் பொருத்தி, தண்டை இரண்டு பேரிங்குகளில் தாங்கி, தடித்த பிளைவுட் பெட்டியில் நிறுத்தியாயிற்று. சக்கரம் எவ்வளவு திரும்பிற்று என்பதைக் கணிப்பொறிக்கு எப்படிச் சொல்வது? இதற்கு உதவுவது வானொலி நேயர்களாகிய உங்களுக்கு மிகவும் பழக்கமான உறுப்பே. பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழைத் திருகுவீர்கள் அல்லவா? அக்குமிழின் பின்னே உள்ள மின்தடைதான் அது. சாந்தினி சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் இரு முனைகளுக்கு 5 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், குமிழ் திரும்புவதற்கேற்ப நடு முனையில் அவ்வழுத்தம் 0 முதல் 5 வரை மாறும். சிறு மின்னணுப் பலகை ஒன்று அந்த மாற்றத்தை 1,024 படிகளாகப் பிரித்து, எண்ணாக்கிக் கணிப்பொறிக்கு அனுப்பும். அர்டுயினோ லியோனார்டோ என்னும் பலகையை இதற்குப் பயன்படுத்துவர். கணிப்பொறி அதனை விளையாட்டுக் கருவியாகவே ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் சிறப்பு.

இங்கேதான் முதல் இடையூறு எழுந்தது. அக்குமிழ் சுமார் 270 பாகைதான் திரும்பும். மகன் தேர்ந்துகொண்ட திருப்பமோ 900 பாகை, அதாவது இரண்டரைச் சுற்று. பத்துச் சுற்றுத் திரும்பும் குமிழும் சந்தையில் உண்டு. அதை வாங்கி வந்தான். அதன் முழுத் திருப்பம் 3,600 பாகை. நமக்கு வேண்டியது அதில் கால் பங்கே. ஆகவே 1,024 படிகளில் 256 மட்டுமே பயன்பட்டன. ஒரு படிக்கு மூன்றரைப் பாகை ஆயிற்று. நேர்ச்சாலையில்கூட வண்டி துள்ளித் துள்ளிச் சென்றது. பின்னர் ஒற்றைச் சுற்றுக் குமிழையே வைத்து, சிறியதும் பெரியதுமான இரு பல்சக்கரங்களைப் பத்துக்கு மூன்று என்னும் விகிதத்தில் பல் பெல்ட்டால் இணைத்தான். இப்போது ஒரு படிக்கு ஒரு பாகையினும் குறைவு. வண்டி ஒழுங்காக ஓடிற்று. கல்லூரித் தேர்வில் விகிதக் கணக்கைப் பலமுறை போட்டவன்தான். ஆனால் தப்பான விகிதம் கைக்கு எப்படித் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தான்.

அடுத்து மிதிகள். கதவுக் கீல்களின் மேல் பலகைத் துண்டுகளை அமைத்து, அடியில் சுருள்வில் வைத்து, ஒவ்வொன்றோடும் ஒரு குமிழை இணைத்தான். முதல் நாள் பிரேக்கை ஓங்கி மிதித்தான். வண்டி நிற்கவில்லை, அவன் அமர்ந்திருந்த உருளை நாற்காலி பின்னோக்கி ஓடிச் சுவரில் மோதிற்று. விசைக்கு எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் விதியை நம் வீட்டில் எல்லோரும் அன்று கண்டோம். பிறகு உருளை இல்லாத நாற்காலியையும் மிதிகளையும் ஒரே பலகையில் பிணைத்தோம். "பிணைத்தோம்" என்று சொல்வதைக் கவனியுங்கள். பலகையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, நாம் பிடித்துக்கொண்டோம்.

பிரேக்கின் தொல்லை அதோடு தீரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் திரையில் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிற்று. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. ஆக்சிலேட்டர் மிதியில் கால் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதே முக்கியம். பிரேக் அப்படியன்று. மெய்யான வண்டியில், பிரேக் கட்டைகள் தட்டைத் தொட்ட பிறகு மிதி அதிகம் இறங்குவதில்லை. எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதே வேகத்தைக் குறைக்கிறது. நம் கால் நினைவில் வைத்துக்கொள்வதும் தூரத்தை அன்று, பலத்தையே. ஆகவே தூரத்தை அளக்கும் பிரேக் காலுக்குத் தவறான பாடத்தையே கற்பிக்கும்.

இதைத் தெரிந்துகொண்டபின், உடைந்துபோன எடை பார்க்கும் கருவியிலிருந்து எடையுணரும் உலோகத் துண்டுகளைக் கழற்றி மிதியின் பின்னே பொருத்தினான். சுருள்வில்லை நீக்கிக் கெட்டியான ரப்பர் கட்டையை வைத்தான். அந்த உலோகம் பாரத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவே வளைகிறது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பிக்கோலங்கள் நீளும்போது மின்தடை மாறுகிறது. அம்மாற்றம் மிக நுண்ணியது; அதைப் பெருக்குவதற்கு எச்எக்ஸ்711 என்னும் சிறு சில்லு இருக்கிறது. எடை பார்ப்பதற்கென அமைந்த சில்லு ஆதலால், பெரும்பாலும் வினாடிக்குப் பத்து முறையே அளக்கும் வகையில் அதைப் பலகையில் பொருத்தியிருப்பர். காய்கறி நிறுக்க அது போதும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி வினாடிக்கு 50 மீட்டர் கடக்கிறது. இரண்டு அளவைகளுக்கு இடையே 5 மீட்டர் போய்விடும். பலகையில் ஓர் இணைப்பை மாற்றினால் சில்லு வினாடிக்கு 80 முறை அளக்கும். மாற்றிய அன்றிரவு முதன்முறையாக வளைவில் வண்டி சொன்னபடி கேட்டது.

இம்முயற்சியில் இறங்குவோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். விபத்தின்போது விரியும் காற்றுப்பை கொண்ட புதுவகைச் சக்கரத்தை வாங்கிப் பிரித்தல் கூடாது; அதனுள் வெடித்து எரியும் மருந்து உண்டு. சாலையின் அதிர்ச்சியைக் கைக்கு உணர்த்த மோட்டார் பொருத்துவோர், அதை உடனே நிறுத்தும் பொத்தான் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். திடீரென்று சுழலும் சக்கரம் கட்டைவிரலைப் பிசகச் செய்துவிடும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். திரையில் பழகி, மெய்யான பந்தயத்திற்குச் சென்றவர் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோ 2011ஆம் ஆண்டில் விளையாட்டுப் போட்டி ஒன்றில் வென்று பந்தய ஓட்டுநர் ஆனார். 2020இல் கொள்ளைநோயால் பந்தயங்கள் நின்றபோது, ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் சிலரே வீட்டிலிருந்தபடி இத்தகைய கருவிகளில் போட்டியிட்டனர். ஆனால் நாம் கருதும் பயன் அதுவன்று. நம் பிள்ளைகளுள் நூற்றில் ஒருவர்கூடப் பந்தயம் ஓட்டப் போவதில்லை. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அவர்கள் இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உழைத்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கி, பிரித்துப் பார்த்தே பொறியியலைக் கற்றார் என்பது நாம் அறிந்த வரலாறு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஓட்டிய ஒற்றைப் பேருந்து பின்னர் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. பிரித்துப் பார்க்க அவரை யாரேனும் தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தடுக்கும் இடத்தில்தான் அன்று நாம் நின்றுகொண்டிருந்தோம்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கப் பாடுபடுகிறோம், செய்ய வேண்டியதே. அதனோடு, அவர்கள் எதையேனும் தம் கையால் செய்ய முனையும்போது பலகையைப் பிடித்துக்கொள்ளவும் முன்வருவோமாக. மகனிடம் நாம் அதிகம் பேசியது அந்த மாதங்களில்தான். பேசியவை பெரும்பாலும் பல்சக்கரத்தையும் சுருள்வில்லையும் பற்றியே. ஆனால் அவனுடைய கவலைகளும் இடையிடையே வெளிவந்தன.

செப்டம்பர் நடுவில் இந்நகரெங்கும் விசுவகர்மா பூசை நடக்கும். பட்டறைகளில் கருவிகளுக்குப் பூவிட்டு, வானில் காற்றாடி விடுவர். அன்று மகன் சக்கரத்திற்குப் பொட்டு வைத்தான். ஆயுத பூசையன்று நம் வீட்டில் வழக்கமாக அகராதியும் பேனாவும்தான் இருக்கும். சென்ற ஆண்டு அவற்றின் அருகே அம்பாசடர் சக்கரமும் ஒரு திருப்புளியும் இருந்தன. வைத்தவன் அவன் அல்லன். நாமே எடுத்து வைத்தோம்.