ஊர்க்காரர் யார்? வெளியூர்க்காரர் யார்?



"இன்ஜினியருக்கு நாவலைப் பத்திப் பேச என்னப்பா இருக்கு?" என்று வாசலிலேயே ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது.

நம் திண்டுக்கல்லைச் சுற்றி வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் கிராமங்கள் பல உண்டு. அவர்களை யாராவது வெளியூர்க்காரர் என்பார்களா? அப்படி வந்தவர்களின் கதைதான் கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976). சென்னாதேவி என்ற பெண்ணை ராஜாவுக்குக் கொடுக்க மனமில்லாமல் ஆந்திர தேசத்தை விட்டுக் கிளம்பியவர்கள், கரிசல் பூமியில் காட்டைத் திருத்தி ஊராக்குகிறார்கள். சில தலைமுறைகளில் வந்தவன் சொந்த ஊர்க்காரன் ஆகிவிடுகிறான்.

பெண்ணுக்கு அப்படி நடக்கிறதா? நத்தத்துக்கு அப்பால், துவரங்குறிச்சியில் பிறந்தவர் சல்மா. அவருடைய ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) நாவலில் வரும் பெண்கள் பிறந்து வளர்ந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் தெரு அவர்களுக்குச் சொந்தமில்லை. சிறுமி ராபியா ஒளிந்து சினிமாவுக்குப் போய் வந்து அடி வாங்குகிறாள். சல்மாவுக்கும் பூப்பெய்தியதும் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அவரே 2001-இல் பேரூராட்சித் தலைவரானார் என்பது வேறு கதை!

"எங்க வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்கிறோம். வீடு என்றால் மனைவி. ஜப்பானியரும் மனைவியைக் ‘கனாய்’ என்பார்கள். வீட்டுக்குள் என்று பொருள். ஊர் வேறானாலும் கணக்கு ஒன்றுதான்: ஆண் ஊருக்குச் சொந்தம், பெண் வீட்டுக்குச் சொந்தம். அந்த வீடும் கல்யாணத்தோடு மாறிவிடுகிறது.

இது கதையில் மட்டும்தானா? நம் சங்கத்தின் முகவரிப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். என் வகுப்பு ஆண்கள் துபாயில் இருந்தாலும் முகவரி இருக்கிறது. வகுப்பில் முதலாவதாக வந்த பெண்ணுக்கு நேரே ‘முகவரி தெரியவில்லை’. கல்யாணத்தில் இனிஷியல் மாறியது, ஊர் மாறியது. நம் பட்டியலிலிருந்தே அவர் தொலைந்துபோனார். மூன்று வருஷம் ஒரே பெஞ்ச் வரிசையில் படித்தவர் நமக்கு வெளியாள் ஆகலாமா?

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த மலரில் ஒவ்வொரு மாணவியின் பெயரும், படித்த காலத்து இனிஷியலோடு, இன்றைய முகவரியோடு அச்சாக வேண்டும். தேடிக் கண்டுபிடிக்கும் வேலையில் எனக்கும் ஒரு பங்கு கொடுங்கள். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம், திறக்கவும் தெரிந்தவர்கள்தானே!