"நடிக்கிறான்" என்ற சொல்லுக்கு எதிராக

(போர்ட் பிளேர் என்று நாம் இன்னும் சொல்லிவரும் ஸ்ரீ விஜயபுரத்தில், சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செல்லுலார் ஜெயிலைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இல்லை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப் போகிறோம். செக்கைக் காட்டுகிறோம், தூக்குமேடையைக் காட்டுகிறோம். ஆனால் அந்தச் சுவர்களுக்குள் புத்தி பேதலித்துப் போனவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

1912 ஏப்ரலில் இந்து பூஷண் ராய் என்ற கைதி, வேலைக் கொடுமை தாங்காமல் தன் கொட்டடியிலேயே தூக்குப் போட்டுக்கொண்டார். அதே ஆண்டு உல்லாஸ்கர் தத்தின் முறை வந்தது. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1909-ல் தூக்குத் தண்டனை பெற்று, அப்பீலில் அது ஆயுள் தண்டனையாகி, இங்கே அனுப்பப்பட்டவர் அவர். இனி வேலை செய்யமாட்டேன் என்றார். கைவிலங்கு மாட்டிச் சுவரோடு நிற்க வைத்தார்கள். கடும் காய்ச்சலில் நினைவிழந்து, அந்த விலங்கிலேயே தொங்கினார். அதன்பின் இல்லாத உருவங்கள் தெரிந்தன, இல்லாத குரல்கள் கேட்டன. அவர் உடம்பில் மின்சாரம் பாய்ச்சினார்கள் என்பதை அவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

அதிகாரிகள் மனத்தில் இருந்த முதல் கேள்வி "இவனுக்கு என்ன நோய்?" என்பதல்ல, "இவன் நடிக்கிறானா?" என்பதுதான். மகனுக்கு என்ன ஆயிற்று என்று அவருடைய தகப்பனார் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். கடைசியில், மலேரியாவால் வந்த சித்தப்பிரமை என்று பதில் வந்தது. விலங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! ஹாடோவில் இருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். பிறகு சென்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கப்பலேற்றினார்கள். 1920-ல்தான் விடுதலை.

ஒன்றை யோசியுங்கள். உல்லாஸ்கர் படித்தவர். அவருக்காக எழுத ஒரு தகப்பனார் இருந்தார். அவருக்கே இந்தக் கதி. சென்னை மாகாணத்திலிருந்தும் சாதாரணக் கைதிகள் இங்கே வந்தார்கள். அவர்களில் புத்தி கலங்கியவனுக்காக யார் கடிதம் எழுதினார்கள்? அவன் பேர்கூட நமக்குத் தெரியாது.

வெள்ளைக்காரன் போனான், வழக்கம் போகவில்லை. அஸ்ஸாமில் மசாங் லாலுங் என்ற பழங்குடி இளைஞர் 1951-ல் கைதானார். விசாரணை நடக்கவில்லை, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். குணமாகிவிட்டது என்று 1967-ல் டாக்டர்கள் சான்று கொடுத்தார்கள். வீட்டுக்கா அனுப்பினார்கள்? இல்லை, மறுபடி ஜெயிலுக்கு. 2005-ல் ஒரு ரூபாய் ஜாமீனில் வெளியே வந்தார். 54 வருஷம்! குற்றம் நிரூபிக்கப்படாமலே ஓர் ஆயுள் முடிந்துபோயிற்று.

ஹஜாரிபாக் ஜெயிலில் மனநோயின் பேரால் 20, 30 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு எப்போதோ குணமாகியிருந்தது. அவ்வூர் இலவசச் சட்ட உதவிக் குழு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1982-ல் நீதிமன்றம் தலையிட்டது. குற்றமே செய்யாத மனநோயாளியைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று 1993-ல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே தோழர்களே, நாம் கேட்பது பிச்சையல்ல. இரக்கம் நல்லதுதான். ஆனால் அது அன்றைய வார்டரின் மனநிலையைப் பொறுத்தது. இன்றைக்கு வரும், நாளைக்கு வராது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள்: ஒவ்வொரு மாநிலத்திலும், ஒவ்வொரு யூனியன் பிரதேசத்திலும், குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல சிகிச்சைக்கு ஏற்பாடு இருக்க வேண்டும். மனநோயாளிக் கைதி யாரும் அங்கே இல்லை என்று சிறை மருத்துவ அதிகாரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். நம் தீவுகளும் யூனியன் பிரதேசம்தான். இந்தச் சட்டம் நமக்கும் உண்டு.

நடிப்பவனே கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கலாம். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். லத்தி சொல்லக் கூடாது.

இதில் நமக்கென்று ஒரு தனி ஆபத்தும் உண்டு. கால் முறிந்தால் படம் எடுத்துப் பார்க்கலாம். மனம் முறிந்ததைப் பேச்சில்தான் கண்டுபிடிக்க முடியும். கச்சால் தோட்டத்திலிருந்தோ, கட்டட வேலையிலிருந்தோ பிடித்து வரப்பட்ட தமிழ்த் தொழிலாளியிடம் இந்தியில் கேட்டால் அவன் என்ன சொல்வான்? விழிப்பான். "திமிர் பிடித்தவன், ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. மொழி தெரியாதது நோயும் அல்ல, திமிரும் அல்ல.

பாரபட்சம் ஜெயிலுக்குள் மட்டும்தான் இருக்கிறதா? நம் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கிறது. "அவனுக்குப் பைத்தியம், போய்ப் பார்த்தால் நம் பெண்ணை யார் கட்டுவார்கள்" என்று பேசுகிறோமா இல்லையா? பார்க்க வருபவர் இல்லாத கைதியைத்தான் சிறை எளிதில் மறக்கிறது.

செய்ய வேண்டியவை இவை. மனநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவர் கைதானால், பழைய சீட்டுகளின் நகலைப் போலீஸ் ஸ்டேஷனிலும் மாஜிஸ்ட்ரேட்டிடமும் வக்கீலிடமும் அன்றே கொடுத்துவிடுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. டாக்டர் பரிசோதிக்கும்போது தமிழ் தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது மனம் கலங்கினால், கைது வரைக்கும் விடாமல், 14416 என்ற அரசாங்க எண்ணுக்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை.

சங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த மூன்று மாதச் சான்று ஒழுங்காகப் போகிறதா, சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போடுவோம். பதில் வரும்வரை விடமாட்டோம். அன்றைக்கு ஒரு தகப்பனார் தனியாக எழுதினார், மறுமொழி மழுப்பலாக வந்தது. ஹஜாரிபாக்கில் ஒரு குழுவாக எழுதினார்கள், கதவு திறந்தது. நாமும் குழுவாக எழுதுவோம்.