சங்கிலி தீர்க்காத நோய்



2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் காப்பகம் தீப்பற்றியதில் 28 பேர் மாண்டனர். பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பி ஓட இயலவில்லை. அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் பகைவர்கள் அல்லர், சொந்த உறவினர்களே.

மூளையும் இருதயம், ஈரல் போன்று நோயுறக்கூடிய ஓர் உறுப்பாகும். அதன் நரம்பணுக்களிடையே செய்தி பரிமாறும் இரசாயனங்களின் செயல் பிறழ்ந்தால், இல்லாத குரல் காதில் கேட்கும். பெற்ற தாயும் எதிரியாகத் தோன்றுவாள். இதனைச் செய்வினை என்கிறோம்.

தண்ணீரில் ஓதித் தரக் கேட்டு என்னிடம் வருவோர் பலர். இமாமத்தின் ஆரம்ப காலத்தில் ஓதித் தந்ததோடு அனுப்பிவிடுவேன். அவ்வாறு ஓர் இளைஞருக்குச் சிகிச்சையின்றி இரண்டாண்டுகள் வீணாயின. பிழை என்னுடையதே. இப்போது ஓதியும் தருகிறேன், மருத்துவரிடமும் அனுப்புகிறேன்.

ஸ்ரீரங்கத்திற்கு மேற்கே, காவிரிக் கரையிலுள்ள குணசீலம் கோயிலுக்கும் மனநோயாளிகளை அழைத்து வருகின்றனர். அங்கே மறுவாழ்வு மையம் அமைத்து, வழிபாட்டுடன் மருத்துவச் சிகிச்சைக்கும் வழிசெய்துள்ளனர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடுக்கிறது.

திருச்சி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. தனியே செல்லக் கூச்சப்படுவோர் அஸருக்குப் பின் என்னிடம் கூறுங்கள், உடன் வருகிறேன்.