சோம்பல் எனப் பெயர் சூட்டுமுன்

 

தமிழாசிரியன் ஒருவன் உடலியல் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றிய எனக்கு, பிள்ளைகளைக் குறித்துப் பெரியவர்கள் வழங்கும் சொற்கள் நன்கு தெரியும். 'சோம்பேறி', 'மந்தம்', 'அக்கறையற்றவள்' என்பன அவற்றுள் சில. இவை குணத்தைச் சுட்டும் சொற்கள். ஆனால் குணக்குறை என்று நாம் எண்ணுவது, சில வேளைகளில் கழுத்திலுள்ள சிறியதொரு சுரப்பியின் குறையாக இருக்கக்கூடும். அந்தத் தைராய்டு சுரப்பியைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

நம் உடலில் சுரப்பிகள் இருவகைப்படும். உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி போன்றவை தாம் சுரப்பதை நாளம் எனப்படும் நுண்குழாய் வழியே வெளியிடுகின்றன. மற்றொரு வகைக்கு நாளம் இல்லை. அவை சுரப்பது நேரே குருதியில் கலக்கிறது. அவையே நாளமில்லாச் சுரப்பிகள். அவற்றின் சுரப்புக்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905-ஆம் ஆண்டில் வழங்கியவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய உடலியல் அறிஞர். தூண்டி இயக்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழில் இயக்குநீர் என்கிறோம். குருதியோடு உடலெங்கும் சென்றாலும், தனக்குரிய ஏற்பியைக் கொண்ட உயிரணுவில் மட்டுமே அது செயல்படும். தெருவெல்லாம் நடந்தாலும் முகவரிக்கு உரியவரிடமே மடலைத் தரும் அஞ்சற்காரரைப் போன்றது அது.

தைராய்டு, மூச்சுக்குழலின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ளது. அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். கேடயம் போன்றது என்பது அதன் கிரேக்கப் பெயரின் பொருள். உணவிலிருந்து கிடைக்கும் அயோடினைக் குருதியிலிருந்து ஈர்த்து அது இயக்குநீரை ஆக்குகிறது. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது தைராக்சின். திசுக்களில் அதிலிருந்து ஓர் அணு நீங்கியபின் முழு வீச்சில் செயல்படும் வடிவம் உண்டாகிறது. உடல் எவ்வளவு விரைவாக ஆற்றலைச் செலவிட வேண்டும், இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், உடற்சூடு எந்த அளவில் நிற்க வேண்டும் என்பவற்றை எல்லாம் அது நெறிப்படுத்துகிறது.

இச்சுரப்பி தன் விருப்பப்படி இயங்குவதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. குருதியில் தைராக்சின் குறைந்தால், பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்னும் தூண்டுநீரை மிகுதியாக அனுப்பும். தைராக்சின் போதிய அளவு வந்ததும் தூண்டுதலைக் குறைத்துக்கொள்ளும். மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்தால் தானே ஓடி, நிரம்பியதும் தானே நிற்கும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். எனவே, பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். மிகுந்திருந்தால், பெரும்பாலும் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்பதே பொருள். இதனைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு கலங்குவோர் பலர்.

சுரப்புக் குறைந்தால் என்ன நேரும்? அசதி, மிகு உறக்கம், குளிர் தாங்காமை, உடல் எடை கூடுதல், மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், குரல் கம்முதல், மறதி, மாதவிலக்கு ஒழுங்கின்மை ஆகியவை மெல்ல மெல்லத் தோன்றும். சுரப்பு மிகுந்தாலோ எடை குறையும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வெப்பம் தாங்காது. வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்துக்கு அளவு என்னும் கருத்தையே அடித்தளமாக வைத்தார். அதற்கு இச்சுரப்பி நல்லதொரு சான்று.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். முன்வரிசையில் அமர்ந்து ஆர்வமாய்ப் படித்தவள், சில மாதங்களில் மேசைமேல் தலைவைத்து உறங்கத் தொடங்கினாள். கோடையிலும் கைகள் சில்லிட்டிருந்தன. வீட்டில் நாள்தோறும் வசவு. மருத்துவ முகாமுக்கு வந்த செவிலியர் அவள் கழுத்து வீக்கத்தைக் கவனித்துக் குருதிப் பரிசோதனைக்கு அனுப்பினார். நாள்தோறும் ஒரு மாத்திரை. அடுத்த தேர்வுக்குள் பழைய பிள்ளை திரும்பி வந்துவிட்டாள். அவள் தாயார் என்னிடம், "ஐயா, என் பிள்ளையை நோயென்று அறியாமல் திட்டிவிட்டேனே" என்று கண்கலங்கினார்.

இக்குறை தோன்றக் காரணங்கள் பல. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காப்பாற்றலே இச்சுரப்பியைத் தாக்கிச் சிதைப்பது இன்று பரவலாகக் காணப்படும் காரணம். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-இல் இதனை விளக்கியமையால் அவர் பெயரே அந்நோய்க்கு வழங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களிடமே இது மிகுதி.

மற்றொரு காரணம் அயோடின் பற்றாக்குறை. மழையும் பனிநீரும் மலைநிலத்து மண்ணிலிருந்து அயோடினை அரித்துச் செல்வதால், அங்கு விளையும் பயிரிலும் அது குறைவு. இமயமலைச் சாரலில் முன்கழுத்துக் கழலை பெருகியிருந்தமைக்கு இதுவே காரணம். 1950-களின் நடுவில் மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கிப் பல்லாண்டு கண்காணித்தனர். அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று.

நம் இல்லங்களுக்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. மீன் முதலிய கடலுணவு அயோடின் மிகுந்தது. அதனை உண்ணாத நமக்கு அயோடின் கலந்த உப்பே முதன்மையான வழி. பாலும் ஓரளவு உதவும். இந்துப்பிலும், சாதாரணக் கல்லுப்பிலும் போதிய அயோடின் இருப்பதில்லை. அவற்றை மட்டுமே அடுக்களையில் வைத்திருப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டுகளுக்குக் கூட்டினாலும் நான்கு கிராமை எட்டாது! ஆகவே உப்பை மிகுதியாக உண்ண வேண்டியதில்லை; உரிய உப்பை உண்டால் போதும்.

மருந்து குறித்தும் சிலருக்குத் தயக்கம் உண்டு. 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்னும் மருத்துவர் முதன்முதலில் இந்நோய்க்கு மருந்தளித்தபோது, ஆட்டின் தைராய்டிலிருந்தே சாறு எடுத்தார். 1927-இல் தைராக்சினை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கும் வழி கண்டறியப்பட்டது. இன்று மருத்துவர்கள் பொதுவாக எழுதித் தருவது இச்செயற்கைத் தைராக்சினே. விலங்கின் சுரப்பி அதற்குத் தேவையில்லை. காலையில் வெறும் வயிற்றில் நீருடன் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியோ உணவோ கொள்ள வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நோன்பு நாட்களில் எவ்வாறு உட்கொள்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உடல் நலமானதும் தாமாக நிறுத்திவிடுவது தவறு. நலமே அம்மருந்தால் வந்ததாயிற்றே!

தாய்மார்கள் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். கருவுற்ற தொடக்க மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சினே துணை. குழந்தைக்கு ஆகாது என்று அஞ்சி மாத்திரையை நிறுத்துவது அக்குழந்தைக்கே தீங்காகும். அக்காலத்தில் அளவைக் கூட்டவும் நேரலாம். பிறவியிலேயே இச்சுரப்புக் குறைந்த குழந்தைகளும் உண்டு. பிறந்தவுடன் பார்த்தால் பெரும்பாலும் எந்த அடையாளமும் தெரியாது. சில நாட்களுக்குள் குதிகாலிலிருந்து ஒரு துளி குருதி எடுத்துப் பரிசோதித்து, முதல் இரு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அறிவு வளர்ச்சி காக்கப்படும். காலம் கடந்தால் இழந்ததை முழுமையாக மீட்க இயலாது. எல்லா மருத்துவமனைகளிலும் இப்பரிசோதனை தாமாகச் செய்யப்படுவதில்லை. ஆகவே பேரக்குழந்தை பிறந்ததும் நட்சத்திரம் கேட்கும் தாத்தா பாட்டிமார், "தைராய்டு பரிசோதனை ஆயிற்றா?" என்றும் கேட்க வேண்டுகிறேன்.

அசதி அனைத்தும் தைராய்டு ஆகாது. குருதிச் சோகையும் மனச்சோர்வும் கூட அசதி தரும். அதனால்தான் பரிசோதனை வேண்டும் என்கிறேன். உடன் வாழும் ஒருவர் மெல்ல மெல்லத் தளர்ந்து மாறுவதைக் கண்டால், கடுஞ்சொல் நாவில் எழுமுன் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.