எந்தக் கோலால் அளப்பது?

எல் சல்வடோர் நாட்டின் கால்பந்தாட்டக்காரர் ஹோர்ஹே கொன்சாலெஸ் 1958-இல் தலைநகர் சான் சல்வடோரில் பிறந்தவர். உள்ளூரில் அவரை 'மாகோ' என்றார்கள், மந்திரவாதி என்று பொருள். ஸ்பெயினுக்குப் போனதும் அது 'மாஹிக்கோ' ஆயிற்று. அவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் ஒரு பெருமூச்சில்தான் முடிகிறது: அந்தக் கால்களுக்கு ஒழுங்கு மட்டும் வாய்த்திருந்தால் மரடோனாவுக்குச் சமமாக நின்றிருப்பார், வீணாய்ப் போன திறமை. இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் வாதம். அவருடைய ஆட்டம் பாதியில் நின்றுபோன ஒன்று அல்ல. தன் அளவில் நிறைவு பெற்ற கலை அது.

1982 உலகக் கோப்பையிலிருந்து தொடங்குவோம். எல் சல்வடோரில் அப்போது உள்நாட்டுப் போர். முந்தைய ஆண்டு நவம்பரில், ஹோண்டுராஸின் தெகுசிகல்பா நகரில் மெக்சிகோவை 1–0 என்று வென்ற அந்த அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்தது. 22 பேருக்கு இடமிருந்தும் 20 ஆட்டக்காரர்களே ஸ்பெயினுக்குப் போனார்கள். எல்ச்சே நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் ஹங்கேரி 10 கோல் போட்டது, எல் சல்வடோர் ஒன்று. உலகக் கோப்பை வரலாற்றில் வேறெந்த அணியும் ஒரே ஆட்டத்தில் 10 கோல் வாங்கியதில்லை. ஆனால் அதன்பின் நடந்ததைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மரடோனா ஆடிய அர்ஜென்டினாவை வீழ்த்திவிட்டு வந்த பெல்ஜியத்திடம் இந்த அணி ஒரே ஒரு கோலில் தோற்றது. அந்த அர்ஜென்டினாவிடம் இரண்டு கோலில் தோற்றது. மூன்று தோல்விகளோடு ஊர் திரும்பிய அணியில் ஒருவரை ஸ்பெயினின் காடிஸ் அணி பிடித்து வைத்துக்கொண்டது. சாதனைப் பட்டியல் ஒன்றையே பார்த்திருந்தால் அவரை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். தோற்கும் அணியில் நின்றாலும் கண்ணில் பட்ட ஏதோ ஒன்று அவரிடம் இருந்தது.

அது என்ன? வேகம் என்பார்கள், கால் நுணுக்கம் என்பார்கள். இரண்டும் பலரிடம் உண்டு. மாஹிக்கோவின் தனித்தன்மை, உடம்பும் பந்தும் வேறு வேறு பேச்சு பேசியதில் இருந்தது என்று நான் கருதுகிறேன். தடுப்பாட்டக்காரர் பந்தை மட்டும் பார்ப்பதில்லை. எதிராளியின் இடுப்பையும் தோளையும் பார்த்துத்தான், அடுத்து எந்தப் பக்கம் போவார் என்று கணிக்கிறார். மாஹிக்கோ தோளால் ஒரு பக்கம் சொல்லுவார், பாதம் பந்தை மறுபக்கம் இழுத்துவிட்டிருக்கும். பாதத்தின் வெளிப்புறத்தால் தள்ளிய பந்து, எதிராளி எடையை மாற்றிய கணத்தில் உட்புறத்தால் திரும்பி வந்துவிடும். அவர் ஊர்க்காரர்கள் இந்தத் துள்ளலுக்கு 'அரிவாள் வெட்டுப்பட்ட குட்டிப்பாம்பு' என்று பெயர் வைத்தார்கள். வெட்டுப்பட்ட பாம்பு எந்தப் பக்கம் நெளியும் என்று அதற்கே தெரியாது. விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைவிட இந்தப் பெயர் துல்லியமானது.

காடிஸ் அப்போது இரண்டாம் பிரிவில் கிடந்த சின்ன அணி. அவர் வந்த முதல் பருவத்திலேயே முதல் பிரிவுக்கு ஏறியது, அடுத்த ஆண்டே இறங்கியது, 1985-இல் மீண்டும் ஏறி 1993 வரை அங்கேயே தாக்குப்பிடித்தது. இடையில் கொஞ்ச காலம் தவிர 1991 வரை அவர் அங்கேதான். ஏறக்குறைய 200 ஆட்டங்கள், 50-க்கு மேற்பட்ட கோல்கள். பாதியில் விட்டுப்போனவர் கணக்கா இது?

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். அவர் இரவைப் பகலாக்கியவர், பயிற்சிக்குத் தாமதமாக வருவார், சில நாள் வரவே மாட்டார். விடியலில் எழுந்து ஓடிய சக ஆட்டக்காரர்களுக்கு இது அநியாயம் இல்லையா? அநியாயம்தான். அதைக் கலைஞனின் கிறுக்கு என்று பூசி மெழுக எனக்கு மனமில்லை. அணி ஆட்டத்தில் ஒருவரின் தூக்கத்துக்கு மற்றவர்கள் விலை கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் குறை வேறு, 'ஒழுங்கு இருந்திருந்தால் உயர்ந்திருப்பார்' என்ற கணிப்பு வேறு. ஒழுங்கு சேர்த்துப் பார்த்த சோதனை ஒன்று நடந்தே இருக்கிறது. 1985-இல் வல்லாடோலிட் அணிக்குப் போனார். கெடுபிடி அதிகமான அந்த இடத்தில் பத்து ஆட்டங்கள்கூட ஆடாமல் விலகி, அடுத்த ஆண்டு காடிஸுக்கே திரும்பினார். கட்டுப்பாடு அங்கே புதிய மரடோனாவை உண்டாக்கவில்லை, இருந்த மாஹிக்கோவையும் காணாமல் செய்தது.

மரடோனாவும்தான் இரவில் அலைந்தார், ஆனாலும் இத்தாலியின் நாப்போலி அணிக்கு 1987-லும் 1990-லும் பட்டம் வாங்கிக்கொடுத்தாரே என்று கேட்கலாம். கூர்மையான கேள்வி. என் வாதத்துக்கு அது துணையே செய்கிறது. இருவருக்கும் நடுவே இருந்த வேறுபாடு தூக்கம் அல்ல, வேட்கை. மரடோனாவுக்கு வென்றே தீரவேண்டும். மாஹிக்கோ கால்பந்தை வேலையாகப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். 1984-இல் பார்சலோனா அணியோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம் போய் மரடோனாவோடு சேர்ந்தே ஆடியவர் அவர், பெரிய மேடையைக் கிட்டத்தில் பார்த்தவர். பின்னாளில் மரடோனா அவரை வாய் நிறையப் பாராட்டினார். எதிராளி எதிர்பாராததைச் செய்யத் துணியும் அந்த விளையாட்டு மனம்தான் அவருடைய நுணுக்கத்துக்கு ஊற்று. மனத்தைக் கழற்றி எடுத்துவிட்டுக் கால்களை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா?

1991-இல் அவர் சாந்தா ஆனா நகரின் ஃபாஸ் அணிக்குத் திரும்பினார். 1979-இல் வட, நடு அமெரிக்க, கரீபியக் கழகங்களுக்கான கோப்பையை வென்ற அவருடைய பழைய அணி அது. நாற்பதைத் தொட்ட பிறகும் அங்கே ஆடினார். வீணாய்ப் போனவர் என்று உலகம் சொன்ன ஒருவரை, அவருடைய சொந்த மக்கள் மைதானத்தில் மேலும் பல ஆண்டுகள் பார்த்தார்கள். எல் சல்வடோர் இரண்டு உலகக் கோப்பைகளில் ஆறு ஆட்டம் ஆடி ஆறிலும் தோற்ற நாடு. மொத்தமாக அடித்தது ஒரே கோல், அதுவும் மாஹிக்கோ அடித்ததல்ல. அந்த நாடு 2006-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, தலைநகரிலிருந்த ஃப்ளோர் பிளாங்கா தேசிய மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. பெயர்ப் பலகையில் ஹோர்ஹேவுக்கும் கொன்சாலெஸுக்கும் நடுவே 'மாஹிக்கோ' என்ற பட்டப்பெயரையும் மறவாமல் எழுதிவைத்தார்கள்.